எரியும் பனிக்கட்டி: இருக்கிற எரிவாயு ஏன் அடுப்புக்கு வருகுதில்லை?

2022 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தை ஜேர்மனியில் இருக்கிற எங்கட குடும்பங்கள் லேசில் மறந்திருக்காது. ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த எரிவாயு நின்றுபோனது. செப்டெம்பர் 26 அன்று பால்டிக் கடலுக்கு அடியில் நோர்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்தன. அரச அலுவலகங்களில் 19 பாகைக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று விதி வந்தது. வீட்டு உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தால், நேபன்கோஸ்டன் எவ்வளவு கூடியிருக்குதோ என்று பயந்து பயந்துதான் உறையைப் பிரித்தோம்.

அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் எங்கட சொந்தக்காரர் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றார்கள். பலர் திரும்ப விறகடுப்புக்கே போனார்கள். என் அம்மா தன் தங்கச்சியோடு தொலைபேசியில் கதைத்தால் இரண்டு பக்கமும் ஒரே கதைதான். இங்கே ஹைட்சுங், அங்கே அடுப்பு. இரண்டுக்கும் காஸ் இல்லை.

அந்தக் குளிரில்தான் எட்டாம் வகுப்புப் படித்த என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படத்தோடு வந்தாள். கையுறை போட்ட ஒரு கையில் வெள்ளைப் பனிக்கட்டி ஒன்று. அதன் மேல் நெருப்பு எரிகிறது. வேதியியல் ஆசிரியர் காட்டிய 'ப்ரெனெண்டஸ் ஐஸ்', அதாவது எரியும் பனி. மகள் கேட்டாள்: "அம்மா, கடலுக்கு அடியில இவ்வளவு காஸ் கிடக்குதெண்டு சேர் சொல்லுறார். பிறகேன் ஒருத்தரும் எடுக்கேல்லை? நாங்கள் ஏன் வீட்டுக்குள்ள ஜம்பர் போட்டுக்கொண்டு இருக்கிறம்?"

நான் இரசாயனப் பொறியியல் படித்தவள். வேலையும் குழாய்களோடும் வாயுக்களோடும்தான். கேள்வி நியாயமானது. பதில் இரண்டு வரியில் முடிகிற ஒன்றல்ல. உங்கட பிள்ளைகளும் இதே கேள்வியோடு வரலாம், அல்லது இதைப் பற்றி ஒரு ரெஃபராட் செய்ய வேண்டி வரலாம். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இது என்ன சாமான்?

இதற்குப் பெயர் வாயு ஹைட்ரேட். பெரும்பாலும் உள்ளே இருப்பது மெதேன். நாங்கள் வீட்டில் எரிக்கும் இயற்கை எரிவாயுவின் முக்கிய பகுதியும் அதே மெதேன்தான். குளிரும் அமுக்கமும் போதிய அளவு இருந்தால் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து சின்னச் சின்னக் கூடுகளாகின்றன. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு மெதேன் மூலக்கூறு அடைபட்டு இருக்கும். பார்ப்பதற்குப் பனிக்கட்டி போலவே இருக்கும். தீக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனால் எரியும்.

கற்பூரத்தை நினைத்துக்கொள்ளுங்கோ. வெள்ளைக் கட்டி, மேலே சுவாலை. கற்பூரம் எரிந்து முடிந்தால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது. ஹைட்ரேட் எரிந்து முடிந்தால் தண்ணீர் மிஞ்சும். அந்தத் தண்ணீர் பின்னால் ஒரு பெரிய தலையிடியாக வரும்.

ஒரு கன மீற்றர் ஹைட்ரேட்டைக் கலைத்தால் சுமார் 160 கன மீற்றர் மெதேனும் 0.8 கன மீற்றர் தண்ணீரும் கிடைக்கும். இவ்வளவு நெருக்கமாக வாயுவை அடைத்து வைத்திருப்பதால்தான் எல்லோருக்கும் இதில் ஒரு கண்.

இது எல்லாக் கடலிலும் இருக்காது. கடலடி நீர் 4 பாகை அளவு குளிராக இருந்தால்கூட மேலே சுமார் 400 முதல் 500 மீற்றர் நீர் அமுக்க வேண்டும். அதனால் கண்டங்களின் ஓரத்தில் கடல் சரிந்து இறங்கும் இடங்களிலும், கனடா, அலாஸ்கா, சைபீரியா போன்ற இடங்களில் நிரந்தரமாக உறைந்த நிலத்துக்குக் கீழும்தான் ஹைட்ரேட் இருக்கிறது.

மகளின் பாடத்தாளில் ஒரு வசனம் இருந்தது: உலகத்தில் உள்ள நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிட இரண்டு மடங்கு காபன் ஹைட்ரேட்டில் இருக்கிறதாம். இது 1980களின் கடைசியில் வந்த கணக்கு. அப்போது சுமார் 10,000 கிகாதொன் காபன் என்று மதிப்பிட்டார்கள். பிறகு வந்த கணக்குகளில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2017 இல் வெளிவந்த ஒரு விரிவான மீளாய்வு சுமார் 1,800 கிகாதொன் என்றே எடுக்கிறது. அதுவும் பெரிய தொகைதான். ஆனால் அதில் பெரும் பங்கு மெல்லிய களிமண்ணில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவிக் கிடக்கிறது. கிடக்கிறது என்பதும் எடுக்கலாம் என்பதும் வேறு வேறு.

தன் கடலில் இல்லாததை ஆராய்ந்த நாடு

ஜேர்மனியின் கடலில் இது கிடையாது. வட கடலிலும் பால்டிக்கிலும் ஜேர்மன் பகுதி 100 மீற்றர் ஆழம்கூட இல்லை. அப்படியிருந்தும் ஹைட்ரேட் அறிவியலில் இந்த நாட்டின் பெயர் முன்வரிசையில் நிற்கிறது.

1996 இல் ஆய்வுக் கப்பல் 'சொன்ன' அமெரிக்காவின் ஒரெகன் கரைக்கு அப்பால், சுமார் 800 மீற்றர் ஆழத்தில், 'ஹைட்ரேட் ரிட்ஜ்' என்ற கடலடி மேட்டில் வேலை செய்தது. கீல் நகர ஜியோமார் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் எர்வின் சூஸ், கெர்ஹார்ட் போர்மன் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். கமரா பூட்டிய பெரிய இரும்புக் கவ்வியால் கடலடியிலிருந்து அள்ளியபோது மண்ணோடு சேர்ந்து வெள்ளை ஹைட்ரேட் கட்டிகள் மேலே வந்தன. தளத்தில் கொட்டியதும் அவை சத்தம் போட்டுக்கொண்டு நுரைத்தன. அமுக்கம் போய்விட்டதால் வாயு வெளியேறிக்கொண்டிருந்தது.

சாதாரண ஜேர்மன்காரருக்கு இந்தச் சொல் அறிமுகமானது இன்னொரு வழியில். 2004 இல் வந்த ஃப்ராங்க் ஷெட்சிங்கின் 'டேர் ஷ்வார்ம்' நாவலில் ஹைட்ரேட்டும் கீல் ஆராய்ச்சியாளர்களும் வருகிறார்கள். வேலையிடத்தில் யாராவது "மெதான்ஹைட்ராட், அது சுனாமி கொண்டுவரும் சாமான்தானே" என்று கேட்டால் அது அந்தப் புத்தகத்தின் விளைவு.

2008 இல் ஜேர்மன் அரசின் பணத்தில் 'சுகர்' என்ற திட்டம் தொடங்கியது. கடலடி வாயு ஹைட்ரேட் படிவுகளைத் தேடுவது, எடுப்பது, கொண்டுவருவது என்ற மூன்றும் அதன் நோக்கம். பெயரைக் கேட்டதும் என் மகன், "இனிப்புத் திட்டமோ?" என்றான். சுமார் பத்து ஆண்டுகள் நடந்த இந்தத் திட்டத்தை ஜியோமார் ஒருங்கிணைத்தது. பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து வேலை செய்தன. சொந்தக் கடலில் இல்லாததால் பரிசோதனைக்கு அவர்கள் கருங்கடலைத் தெரிந்தெடுத்தார்கள். டான்யூப் ஆறு கொண்டுவந்து கொட்டிய பழைய மண் அங்கே ஆழ்கடலில் விசிறி போலப் பரவிக் கிடக்கிறது. 2017 கடைசியில் 'மெடியோர்' கப்பலில் போய், ப்ரேமன் மாரும் மையத்தின் 'மெபோ' என்ற இயந்திரத்தைக் கடலடியில் இறக்கித் துளையிட்டுப் பார்த்தார்கள். அந்த இயந்திரம் கடல் தரையில் உட்கார்ந்துகொண்டு தானே துளையிடும்.

இவ்வளவும் செய்தும் இன்றுவரை ஒரு வீட்டு அடுப்புக்கும் ஹைட்ரேட் வாயு வரவில்லை. காரணம் திறமைக் குறைவு இல்லை. சிக்கல் அந்தச் சாமானுக்குள்ளேயே இருக்கிறது.

முதல் சிக்கல்: கலைக்கக் கலைக்கக் குளிரும்

சாதாரண எரிவாயுக் கிணறு என்றால், பாறைக்குள் அமுக்கத்தில் இருக்கும் வாயு துளை போட்டவுடன் தானே மேலே வரும். ஹைட்ரேட் அப்படி வராது. அது கட்டி. முதலில் அந்த இடத்திலேயே கட்டியைக் கலைக்க வேண்டும்.

அதற்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று சூடாக்குவது. மற்றது அமுக்கத்தைக் குறைப்பது. சோடாப் போத்தல் மூடியைத் திறந்தால் வாயு வருவது போல, கிணற்றுக்குள் இருக்கும் நீரை இறைத்து வெளியேற்றினால் அமுக்கம் குறைந்து ஹைட்ரேட் கலையும்.

சூடாக்கும் வழியை 2002 இல் கனடாவின் வடக்கே, மெக்கென்சி ஆற்று முகத்தில் உள்ள மலிக் என்ற இடத்தில் செய்து பார்த்தார்கள். ஜப்பான், கனடா, அமெரிக்கா ஆகியவற்றோடு ஜேர்மனியின் பொட்ஸ்டாம் புவி அறிவியல் மையமும் இந்தியாவும் அதில் பங்கெடுத்தன. சூடான திரவத்தை ஐந்து நாட்கள் ஓடவிட்டார்கள். கிடைத்த வாயு சுமார் 470 கன மீற்றர். இங்கே ஒரு தனி வீடு எரிவாயுவில் சூடாக்கினால் ஆண்டுக்குச் சுமார் 2,000 கன மீற்றர் போகும். அப்படியென்றால் அந்த 470 கன மீற்றர் ஒரு வீட்டுக்கு மூன்று மாதம்கூடப் போதாது.

ஏன் இவ்வளவு கொஞ்சம்? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று எங்கட அம்மம்மாமாருக்குத் தெரியும். நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஹைட்ரேட்டும் அப்படித்தான். கலையும்போது சுற்றியுள்ள மண்ணிலிருந்து சூட்டை உறிஞ்சும். கணக்குப்படி இதற்குத் தேவையான சூடு, வரும் வாயுவை எரித்தால் கிடைக்கும் சக்தியில் சுமார் 6 சதவீதம்தான். ஆனால் ஹைட்ரேட்டை மட்டும் தனியாகச் சூடாக்க முடியாது. சுற்றியுள்ள மண், நீர், பாறை எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

அமுக்கம் குறைக்கும் வழியிலும் இதே குளிர்தான் தடை. கலையக் கலைய மண் குளிர்கிறது. குளிர்ந்தால் கலைவது மெதுவாகிறது. சில நேரம் வாயுவும் நீரும் போகும் வழியில் திரும்பவும் ஹைட்ரேட்டாகக் கட்டிபட்டு வழியையே அடைத்துவிடும். இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள். இந்தக் கிணறு இறைக்க இறைக்கத் தன்னைத் தானே மூடிக்கொள்ளப் பார்க்கும்.

பொட்ஸ்டாமில் இதைப் படிப்பதற்காகவே 425 லீற்றர் கொள்ளளவுள்ள ஓர் அமுக்கக் கலனைக் கட்டினார்கள். பெயர் 'லார்ஸ்'. அதற்குள் மணலையும் நீரையும் நிரப்பி, மெதேனைச் செலுத்தி, ஹைட்ரேட்டை வளர்த்து, பிறகு கலைத்துப் பார்ப்பார்கள். கொஞ்ச மெதேனைக் கிணற்றின் அடியிலேயே சுவாலை இல்லாமல் எரித்து அந்தச் சூட்டைப் பயன்படுத்தும் முறையையும் அங்கே சோதித்தார்கள்.

இரண்டாவது சிக்கல்: மணல்

ஊரில் தோட்டக் கிணற்றில் நீர்ப்பம்பியை வேகமாகப் போட்டால் என்ன நடக்கும் என்று அப்பா சொல்லுவார். "அளவாத்தான் இறைக்க வேணும். ஆசைப்பட்டு இறைச்சா உப்புத்தண்ணிதான் ஏறும்." யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் அது உண்மை. ஹைட்ரேட்டில் உப்புக்குப் பதிலாக மணல் ஏறும்.

ஏனென்றால் பல இடங்களில் அந்த மணலை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும் பசையே ஹைட்ரேட்தான். எடுக்க வேண்டிய பொருளும் மண்ணைத் தாங்கும் பொருளும் ஒன்று. அதைக் கலைத்தால் மண் தளர்ந்து, நீரோடு சேர்ந்து குழாய்க்குள் ஓடிவருகிறது.

மலிக்கில் 2007 இல் அமுக்கம் குறைக்கும் முறையை முயன்றபோது மணல் ஏறி ஒரு நாளுக்குள் நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு மணல் வடிகட்டி போட்டு ஆறு நாட்கள் ஓட்டினார்கள். சுமார் 13,000 கன மீற்றர் வந்தது.

2013 மார்ச் 12 அன்று ஜப்பான், நான்காய் பள்ளத்தில், 'சிக்யூ' என்ற துளையிடும் கப்பலைக் கொண்டு உலகத்தில் முதன்முதலாகக் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வாயுவை எடுத்தது. கப்பலின் பின்பக்கம் எரிந்த சுவாலையைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பியள். ஆறு நாளில் சுமார் 120,000 கன மீற்றர். பிறகு மணல் ஏறியது, கடலும் குழம்பியது, நிறுத்திவிட்டார்கள். 2017 இல் திரும்ப இரண்டு கிணறுகள். முதல் கிணறு 12 நாளில் சுமார் 35,000 கன மீற்றர் தந்தது. அங்கேயும் மணல்தான் நிறுத்தியது. இரண்டாவது 24 நாட்கள் ஓடிச் சுமார் 200,000 கன மீற்றர் தந்தது.

மூன்றாவது சிக்கல்: எந்த மண்ணில் கிடக்குது?

இந்தியாவின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2006 இல் 'ஜோய்டஸ் ரெசல்யூஷன்' கப்பல் இந்தியக் கரைகளைச் சுற்றித் துளையிட்டது. ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் 128 மீற்றர் தடிப்பில் ஹைட்ரேட் இருந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அந்த ஹைட்ரேட் களிமண்ணின் வெடிப்புகளுக்குள் நரம்பு போல ஓடிக் கிடந்தது. களிமண் வாயுவையும் நீரையும் லேசில் விடாது. அமுக்கத்தைக் குறைத்தாலும் அந்த மாற்றம் தூரத்துக்குப் பரவாது. அளவு கூட என்றாலும் எடுப்பதற்கு அது நல்ல இடமில்லை.

அதனால் 2015 இல் இரண்டாவது தடவை போனபோது மணற்படுகைகளையே தேடினார்கள். அதே ஜப்பானியக் கப்பல் 'சிக்யூ' வந்து துளையிட்டது. கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் மணலுக்குள்ளும் ஹைட்ரேட் இருப்பது உறுதியானது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இந்தத் தேடலுக்காக 6,000 மீற்றர் ஆழம் வரை போகக்கூடிய, ஆளில்லாத கடலடி வாகனத்தை உருவாக்கி வைத்திருக்கிறது. ஆனாலும் இந்தியா இன்னும் வாயுவை எடுக்கும் கட்டத்துக்கு வரவில்லை.

இலங்கையில் சாதாரண எரிவாயுவே 2011 இல் மன்னார் படுகையில் கண்டுபிடிக்கப்பட்டது. 2022 இல் எங்கட ஆட்கள் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோதும் அது கடலுக்கு அடியில்தான் இருந்தது. தானே மேலே வரும் வாயுவுக்கே இந்த நிலை.

ஐந்து நிமிசக் கணக்கு

இதுவரை நடந்த கடலடிச் சோதனைகளில் பெரியவற்றில் ஒன்று சீனாவுடையது. தென் சீனக் கடலில் ஷென்ஹு பகுதியில் 2017 இல் 60 நாளில் 309,000 கன மீற்றர் எடுத்தார்கள். 2020 இல், கிணற்றைக் கிடையாகத் திருப்பித் துளையிட்டு, 30 நாளில் 861,400 கன மீற்றர். பெரிய முன்னேற்றம்தான்.

இதை மகளோடு இருந்து கணக்குப் பார்த்தேன். 2021 இல் ஜேர்மனி பாவித்த எரிவாயு சுமார் 90 பில்லியன் கன மீற்றர். அதை 365 நாளால் பிரித்து, 24 மணியால் பிரித்தால், சராசரியாக மணிக்குச் சுமார் 10 மில்லியன் கன மீற்றர். அப்படியென்றால் சீனா ஒரு மாதம் முழுக்கக் கஷ்டப்பட்டு எடுத்த வாயு ஜேர்மனிக்கு எவ்வளவு நேரம் காணும்?

மகள் கல்குலேட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அஞ்சு நிமிசம்."

ஒரு நல்ல ஆழ்கடல் எரிவாயுக் கிணறு நாளொன்றுக்கே ஒரு மில்லியன் கன மீற்றர் தரும். 2020 சோதனையில் நாளொன்றுக்கு வந்தது சுமார் 29,000. கப்பல் வாடகை, துளையிடும் செலவு, கடலடி உபகரணம் எல்லாம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வரவு மட்டும் முப்பதில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு வாயுவோடு வரும் தண்ணீரை முழுநேரமும் பிரித்து இறைக்க வேண்டும். மேலே வரும் வழியில் குழாய் குளிர்ந்தால் அதற்குள்ளேயே ஹைட்ரேட் திரும்பக் கட்டிபடும்.

இந்தக் குழாய் அடைப்பு எங்கட துறையில் 1930களிலிருந்தே தெரிந்த விசயம். 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் 'டீப்வோட்டர் ஹொரைசன்' துளையிடும் மேடை வெடித்தபோது, கசிவை மூட 1,500 மீற்றர் ஆழத்துக்குப் பெரிய இரும்புக் கூடாரம் ஒன்றை இறக்கினார்கள். அதற்குள் ஹைட்ரேட் பனி போலக் கட்டிபட்டு வழியை அடைத்ததால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. வேண்டிய இடத்தில் வராதது வேண்டாத இடத்தில் வந்து நின்றது.

ஒன்றை வைத்து ஒன்றை எடுக்கலாமா?

'சுகர்' திட்டத்தின் முக்கிய எண்ணம் எனக்குப் பிடித்த ஒன்று. காபனீரொட்சைட்டும் நீரோடு சேர்ந்து ஹைட்ரேட் ஆகும். மெதேன் ஹைட்ரேட்டைவிட அது உறுதியானது. ஆகவே காபனீரொட்சைட்டை உள்ளே செலுத்தினால் அது கூட்டுக்குள் போய் உட்காரும், மெதேன் வெளியே வரும். வாயுவும் கிடைக்கும், காலநிலைக்குக் கேடான காபனும் கடலடியில் பூட்டப்படும், மண்ணும் இடியாது.

காகிதத்தில் வடிவான திட்டம். 2012 இல் அலாஸ்காவின் வடக்குச் சரிவில் காபனீரொட்சைட்டையும் நைதரசனையும் கலந்து செலுத்தி இதை நேரில் சோதித்தார்கள். மாற்றீடு நடந்ததற்கான அடையாளங்கள் கிடைத்தன. ஆனால் கூட்டின் வெளிப்புறம் புது ஹைட்ரேட்டால் மூடப்பட்டதும் உள்ளே போவது மிகவும் மெதுவாகிவிடுகிறது. வெளியே வருவதும் கலப்பு வாயு. அதைத் திரும்பப் பிரிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் நாட்கணக்கில் நடப்பதற்குக் கடலடியில் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதுதான் இங்கே உள்ள கேள்வி.

பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது?

காலநிலை பற்றிப் பிள்ளைகள் இரண்டு விதமாகப் பயப்படுகிறார்கள். கடல் சூடானால் ஹைட்ரேட் எல்லாம் ஒரே நாளில் வெடித்துக் கிளம்பும் என்பது ஒன்று. இதற்கு ஜேர்மன் ஆய்வுகளிலேயே ஆறுதலான பதில் உண்டு. ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுக்கு அப்பால் கடலடியிலிருந்து மெதேன் குமிழிகள் எழுவதைக் கண்டபோது, இது அண்மைய வெப்பமாதலின் விளைவு என்று பலர் நினைத்தார்கள். கீல் விஞ்ஞானிகள் தலைமையிலான குழு 2014 இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கசிவு குறைந்தது 3,000 ஆண்டுகளாக நடக்கிறது என்று தெரிந்தது.

இன்னொரு பதில் ஒரு பெண் விஞ்ஞானியிடமிருந்து வந்தது. அன்ட்ய போயேட்சியுஸ் தன் குழுவோடு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஹைட்ரேட் ரிட்ஜ் மண்ணில் கூட்டாக வாழும் நுண்ணுயிர்கள் ஒட்சிசன் இல்லாமலே மெதேனைத் தின்று முடிப்பதைக் காட்டியது. கடலடியில் கசியும் மெதேனில் பெரும்பகுதி வளிமண்டலத்துக்கு வராமல் இருப்பதற்கு இவையும் ஒரு காரணம். அறிவியலில் விருப்பமுள்ள மகள் உங்கட வீட்டில் இருந்தால் இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கோ.

பயப்பட வேண்டியது வேறு. நாங்களே போய்க் கலைத்தால், அந்த நுண்ணுயிர்களைத் தாண்டிக் குழாய் வழியாக மெதேன் மேலே வருகிறது. அதில் கொஞ்சம் கசிந்தாலும் கணக்கு மாறிவிடும். 20 ஆண்டு கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 80 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். சரிவான கடலடியில் மண் தளர்ந்தால் சரிவு ஏற்படலாம் என்ற கவலையும் உண்டு. அதனால்தான் எங்கே எடுக்கலாம் என்று தேடும்போது தட்டையான, ஆழமாகப் புதைந்த, மேலே உறுதியான மண் மூடிய இடங்களையே பார்க்கிறார்கள்.

கடைசிக் கேள்வி காலம். ஜேர்மனி 2045 இல் காலநிலை நடுநிலையை அடைய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2021 இல் கார்ல்ஸ்ரூ அரசியலமைப்பு நீதிமன்றம், இன்றைய தலைமுறை சுமையை அடுத்த தலைமுறையின் தலையில் கட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு வந்த இலக்கு அது. இன்றைக்குத் தொடங்கினாலும் ஹைட்ரேட் வாயு ஒழுங்காக வர இன்னும் பல ஆண்டுகள் பிடிக்கும். அது வந்து சேரும் நேரத்தில் எங்கட பிள்ளைகள் எரிவாயுவையே விட்டிருக்க வேண்டும். சொந்த எரிவாயு மிகக் குறைவாக உள்ள ஜப்பானின் கணக்கு வேறு, இன்னும் நிலக்கரி எரிக்கும் இந்தியாவின் கணக்கு வேறு. அவர்கள் முயல்வதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஜேர்மனியில் இருந்துகொண்டு, குளிர்காலத்துப் பில்லுக்கு இது தீர்வாகும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். 2022 டிசெம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் திறந்த திரவ எரிவாயு முனையமும், சுவருக்குப் போட்ட வெப்பக் காப்பும், அதற்குப் பிறகு பல வீடுகளுக்கு வந்த வெப்பப் பம்பியும்தான் உண்மையில் உதவின.

உங்கட பிள்ளை இதைப் பற்றி ரெஃபராட் செய்தால், 'எவ்வளவு கிடக்குது' என்ற ஒரு தொகையோடு நிற்க விடாதேங்கோ. இன்னும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கோ. எந்த மண்ணில் கிடக்குது, மணலா களிமண்ணா? சோதனையில் எத்தனை நாள் தொடர்ந்து வந்தது, ஏன் நிறுத்தினார்கள்? எடுத்ததில் எவ்வளவு சக்தி எடுப்பதற்கே செலவானது? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிள்ளை, நாளைக்கு ஹைட்ரஜன் பற்றியோ அணு இணைவு பற்றியோ பெரிய பெரிய தலைப்புச் செய்தி வந்தாலும் அதே கேள்விகளைத் தானாகவே கேட்கும்.

என் மகள் தன் ரெஃபராட்டின் கடைசிப் பக்கத்தில் சீனாவின் 861,400 என்ற தொகையைப் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே ஒரு மணிக்கூடு கீறியிருந்தாள். ஐந்து நிமிசப் பகுதிக்கு மட்டும் சிவப்பு நிறம்.